கவசம் அணிந்த காவலர்

1959ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் நாள். நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. கனடாவின் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியும் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியும் மோதின. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. ரேஞ்சர்ஸ் அணியின் ஆண்டி பாத்கேட் அடித்த ரப்பர் வட்டு, மான்ட்ரியல் அணியின் கோல் காவலர் முகத்தில் நேராகப் பாய்ந்தது. மூக்குக்கும் உதட்டுக்கும் இடையே ஆழமான காயம் ஏற்பட்டது. பனித்தளத்தில் இரத்தம் சிந்தியது.

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. ஏறத்தாழ 170 கிராம் எடையுள்ள கெட்டியான ரப்பர் வட்டைக் கொண்டே ஆடுவார்கள். ஆட்டத்திற்கு முன் அதை உறைய வைப்பதால் அது கல்லைப் போல் இறுகிவிடும். வீரர்கள் அடிக்கும்போது அது மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பறந்து வரும். 1.83 மீட்டர் அகலமும் 1.22 மீட்டர் உயரமும் உடைய கோல் வாயிலில் நின்று அதைத் தடுப்பதே கோல் காவலரின் பணி. அக்காலத்தில் அவர்கள் வெறும் முகத்துடனேயே நின்றார்கள். முகத்தில் தழும்பு இல்லாத கோல் காவலரைக் காண்பது அரிது.

காயமடைந்தவரை மருத்துவ அறைக்கு அழைத்துச் சென்று தையல் போட்டார்கள். அவர் பெயர் ஜாக் பிளாண்ட். அந்த அறையில் அவர் ஒரு முடிவெடுத்தார். இனி முகக்கவசம் இல்லாமல் களம் இறங்குவதில்லை என்பதே அம்முடிவு. இன்று மிக எளிதாகத் தோன்றும் இம்முடிவை எடுக்க, அன்று அவருக்கு மிகுந்த மனவலிமை தேவைப்பட்டது. அந்த மனவலிமை எங்கிருந்து வந்தது என்பதை அறிய, அவருடைய இளமைக்காலத்தைப் பார்க்க வேண்டும்.

பிளாண்ட் 1929ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பிறந்தார். பதினொரு பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் அவரே மூத்தவர். குடும்பம் சவினிகன் என்ற தொழில் நகரில் குடியேறியது. தந்தை ஆலைத் தொழிலாளி. வருமானம் குறைவு. தாயாருக்கு உதவியாகச் சமைக்கவும் தம்பி தங்கையரைக் கவனிக்கவும் பிளாண்ட் கற்றுக்கொண்டார். தாயாரிடமிருந்து கம்பளி பின்னும் கலையையும் கற்றார். பின்னாளில் புகழ்பெற்ற ஆட்டக்காரராக ஆன பிறகும் தமக்கு வேண்டிய கம்பளித் தொப்பிகளைத் தாமே பின்னிக்கொண்டார். பிறர் கேலி செய்தாலும் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

சிறு வயதிலேயே பிளாண்டுக்கு ஆஸ்துமா நோய் இருந்தது. பனித்தளத்தில் நெடுநேரம் சறுக்கி ஓடினால் மூச்சு வாங்கியது. ஓட முடியாதவன் விளையாட்டையே விட்டுவிட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. ஓரிடத்தில் நின்று ஆடக்கூடிய கோல் காவலர் பொறுப்பைத் தேர்ந்தெடுத்தார். கடையில் உபகரணங்கள் வாங்கக் குடும்பத்தில் பணம் இல்லை. தந்தை மரத்தின் வேரைச் செதுக்கி அவருக்கு மட்டை செய்து கொடுத்தார். உருளைக்கிழங்குச் சாக்குகளைக் கொண்டு கால் கவசங்களும் தயாராயின.

பன்னிரண்டு வயதில், தம்மைவிட வயதில் மிக மூத்த மாணவர்கள் ஆடிய பள்ளி அணியில் பிளாண்ட் இடம்பிடித்தார். பிறகு ஆலைத் தொழிலாளர் அணி ஒன்றுக்காகவும் ஆடினார். ஓர் ஆட்டத்திற்கு அவருக்குக் கிடைத்த ஊதியம் 50 காசு.

வளர்ந்த பிறகு பிளாண்ட் ஆட்டத்தை நுணுக்கமாக ஆராய்ந்தார். எதிரணி வீரர் ஒவ்வொருவரும் எந்தக் கோணத்திலிருந்து எப்படி அடிப்பார் என்பதைக் கவனித்து மனத்தில் பதித்துக்கொண்டார். அக்காலக் கோல் காவலர்கள் கோல் வாயிலை விட்டு நகர மாட்டார்கள். பிளாண்டோ வெளியே வந்து, கோலுக்குப் பின்னால் உருளும் வட்டைத் தடுத்துத் தம் அணியினரிடம் தள்ளிவிடுவார். இதைக் கண்டு பார்வையாளர்கள் பதறினார்கள், பயிற்றுநர்கள் எரிச்சலடைந்தார்கள். ஆனால், இந்த முறையே பின்னர் உலகெங்கும் உள்ள கோல் காவலர்களின் வழக்கமாக மாறியது.

1953ஆம் ஆண்டு மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணி ஸ்டான்லி கிண்ணத்தை வென்றபோது பிளாண்டும் அதில் இடம்பெற்றிருந்தார். 1956ஆம் ஆண்டு முதல் அந்த அணி தொடர்ந்து வெற்றி வாகை சூடத் தொடங்கியது. மிகக் குறைந்த கோல்களை விட்டுக்கொடுத்த அணியின் கோல் காவலருக்கு அன்று வழங்கப்பட்ட வெசினா விருதும் ஆண்டுதோறும் பிளாண்டையே தேடி வந்தது.

புகழ் வளர்ந்தது, காயங்களும் பெருகின. பயிற்சியின்போது வட்டு பட்டு அவருடைய கன்ன எலும்பு முறிந்தது. சில காலத்தில் மறுபக்கக் கன்ன எலும்பும் முறிந்தது. 1957ஆம் ஆண்டு சைனஸ் அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. அதன் பிறகு அவர் பயிற்சியின்போது மட்டும் முகக்கவசம் அணியத் தொடங்கினார். கண்ணாடி இழைத் தொழிலில் இருந்த பில் பர்ச்மோர் என்பவர் அவருக்கு உதவ முன்வந்தார். பிளாண்டின் முகத்தில் பிளாஸ்டர் அச்சு எடுத்து, அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும் மெல்லிய, உறுதியான கவசத்தை அவர் கண்ணாடி இழையால் உருவாக்கினார்.

அந்தக் கவசத்தை ஆட்டங்களில் அணியப் பயிற்றுநர் டோ பிளேக் ஒப்புக்கொள்ளவில்லை. காலடியில் வரும் வட்டைக் கவசம் மறைத்துவிடும் என்று அவர் கருதினார். பாதுகாப்பு கிடைத்துவிட்டால் கோல் காவலரின் விழிப்பு குறைந்துவிடும் என்றும் அஞ்சினார். பொதுமக்களிடையே மற்றொரு கருத்தும் நிலவியது. முகத்தை மூடிக்கொள்பவன் கோழை என்பதே அது. 1930ஆம் ஆண்டிலேயே கிளின்ட் பெனடிக்ட் என்ற கோல் காவலர் காயத்தின் காரணமாகத் தோல் கவசம் அணிந்து ஆடியிருந்தார். ஆனால், சில ஆட்டங்களிலேயே அம்முயற்சி கைவிடப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தேசிய ஹாக்கி லீக்கில் எவரும் கவசத்துடன் நிலைத்து ஆடவில்லை.

நியூயார்க்கில் அன்று நடந்த ஆட்டத்துக்கு மீண்டும் வருவோம். தையல் போட்டு முடிந்ததும், கவசம் அணிய அனுமதித்தால் மட்டுமே ஆடுவேன் என்று பிளாண்ட் உறுதியாகக் கூறிவிட்டார். அந்நாளில் அணிகள் மாற்றுக் கோல் காவலரை அழைத்து வருவதில்லை. டோ பிளேக்குக்கு வேறு வழியில்லை. காயம் ஆறும்வரை மட்டும் என்ற நிபந்தனையுடன் அவர் இணங்கினார். வெள்ளைக் கவசத்துடன் பிளாண்ட் களத்திற்குத் திரும்பியபோது அரங்கமே வியப்பில் ஆழ்ந்தது. அந்த ஆட்டத்தை மான்ட்ரியல் 3-1 என்ற கோல் எண்ணிக்கையில் வென்றது.

ஆனால், உண்மையான சோதனை அதன் பிறகே தொடங்கியது. ஓர் ஆட்டத்தில் பிளாண்ட் தடுமாறினாலும், கவசமே காரணம் என்று எல்லாரும் குறை சொல்லியிருப்பார்கள். கவசத்தோடு அவருடைய இடமும் பறிபோயிருக்கும். பிளாண்டோ தம் ஆட்டத்தாலேயே பதில் சொன்னார். அடுத்து வந்த ஆட்டங்களில் மான்ட்ரியல் அணி தோல்வியே காணாமல் முன்னேறியது. 1960ஆம் ஆண்டு மார்ச் மாதம், பயிற்றுநரின் வேண்டுகோளுக்கு இணங்கி, டெட்ராய்ட் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவர் கவசமின்றி ஆடினார். மான்ட்ரியல் 0-3 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தில் கவசம் திரும்பியது. அதற்குப் பிறகு அவர் அதைக் கைவிடவே இல்லை. அவ்வாண்டு மான்ட்ரியல் தொடர்ந்து ஐந்தாவது முறையாக ஸ்டான்லி கிண்ணத்தைக் கைப்பற்றியது.

அடுத்த பருவத்தில் நிலைமை தலைகீழாக மாறியது. பிளாண்டின் முழங்கால் கடுமையாக வலித்தது, ஆட்டம் தளர்ந்தது. ஐந்து முறை கிண்ணம் வென்ற அணியின் கோல் காவலர், கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டார். வெசினா விருதும் கைநழுவியது. மான்ட்ரியல் கிண்ணத்தையும் இழந்தது. அவருடைய காலம் முடிந்துவிட்டது என்றே பலர் எண்ணினர். பிளாண்ட் எவருடனும் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1961ஆம் ஆண்டுக் கோடையில் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மீண்டும் பயிற்சிக்குத் திரும்பினார்.

1961-62ஆம் ஆண்டுப் பருவத்தில் அணியின் நிலை முன்போல் இல்லை. தற்காப்பு வீரர் டக் ஹார்வி வேறு அணிக்குச் சென்றுவிட்டார். அணித்தலைவர் ஜான் பெலிவோ காயத்தால் பல ஆட்டங்களைத் தவறவிட்டார். அந்தச் சூழலில், பருவத்தின் 70 ஆட்டங்களிலும் பிளாண்டே கோல் வாயிலைக் காத்தார். மான்ட்ரியல் லீக்கில் முதலிடம் பிடித்தது. பிளாண்ட் வெசினா விருதை ஆறாவது முறையாகப் பெற்றார். லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதும் அவருக்குக் கிடைத்தது. அதன்பின் மற்றொரு கோல் காவலர் அவ்விருதைப் பெற 35 ஆண்டுகள் ஆயின.

1963ஆம் ஆண்டு மான்ட்ரியல் அவரை நியூயார்க் அணிக்கு மாற்றியது. அங்கு அவரால் சிறக்க முடியவில்லை. 1965ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில், மான்ட்ரியல் இளையர் அணி சோவியத் நாட்டின் தேசிய அணியை எதிர்த்து ஆட இருந்தது. அந்த இளையர்களுக்குத் துணையாகக் கோல் காக்குமாறு பிளாண்டைக் கேட்டுக்கொண்டார்கள். 36 வயதில், ஓய்வில் இருந்தவர் மீண்டும் கவசம் அணிந்தார். வலிமை மிக்க சோவியத் அணியை இளையர்கள் 2-1 என்று வென்றார்கள். தம்முள் இன்னும் ஆட்டம் எஞ்சியிருக்கிறது என்பதைப் பிளாண்ட் உணர்ந்தார்.

1968ஆம் ஆண்டு அவர் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணியில் சேர்ந்தார். அங்கு கிளென் ஹால் என்ற மற்றொரு மூத்த கோல் காவலருடன் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். அப்பருவ முடிவில் இருவரும் இணைந்து வெசினா விருதைப் பெற்றனர். பிளாண்டுக்கு அப்போது வயது 40. 1970ஆம் ஆண்டு இறுதிச் சுற்றில் பாஸ்டன் அணிக்கு எதிராக ஆடியபோது, வட்டு அவர் நெற்றியைத் தாக்கிக் கவசத்தை உடைத்தது. அவர் மயங்கி விழுந்தார். கவசம் உடைந்தது, உயிர் பிழைத்தது. கவசம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை தேவைப்படவில்லை. அடுத்த பருவத்தில் டொராண்டோ அணிக்காக ஆடிய அவர், ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாக 1.88 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்து, லீக்கிலேயே முதலிடம் பெற்றார். அப்போது அவர் வயது 42.

தாம் கற்றதைப் பிளாண்ட் மறைத்து வைக்கவில்லை. கோல் காக்கும் கலையைப் பற்றி நூல் எழுதினார். டொராண்டோவில் தம்முடன் ஆடிய இளம் வீரர் பெர்னி பேரன்டுக்கு நுணுக்கங்களைக் கற்பித்தார். பேரன்ட் பின்னர் பிலடெல்பியா அணி இரண்டு முறை ஸ்டான்லி கிண்ணம் வெல்லத் துணைநின்றார். 1972ஆம் ஆண்டு சோவியத் அணி கனடாவுக்கு ஆட வந்தபோது, எதிரணியின் இருபது வயதுக் கோல் காவலர் விளாடிஸ்லாவ் திரெத்தியாக்கைப் பிளாண்ட் சந்தித்தார். கனடிய வீரர்கள் எப்படி அடிப்பார்கள் என்பதை அவருக்கு விளக்கினார். முதல் ஆட்டத்தில் சோவியத் அணியே வென்றது.

பிளாண்ட் 1975ஆம் ஆண்டு ஆட்டத்திலிருந்து முழுமையாக விலகினார். 1978ஆம் ஆண்டு ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்துவந்த அவர், 1986ஆம் ஆண்டு பிப்ரவரியில் புற்றுநோயால் காலமானார். அவர் அணிந்த 1ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் வழங்குவதில்லை என்று மான்ட்ரியல் அணி 1995ஆம் ஆண்டு அறிவித்தது.

மனவலிமை என்றால் வலியை வெளிக்காட்டாமல் இருப்பது என்று அன்று பலர் நினைத்தார்கள். அஞ்சத் தக்கவற்றுக்கு அஞ்சாமல் இருப்பதை வள்ளுவர் அறியாமை என்றே கருதினார். ஆபத்தை ஆபத்து என்று பிளாண்ட் ஒப்புக்கொண்டார். அதற்கு ஏற்ற பாதுகாப்பைத் தேடினார். ஏளனத்திற்கு அஞ்சி அதைக் கைவிடவில்லை. வீழ்ந்தபோது குறையைச் சரிசெய்துகொண்டு மீண்டும் கோல் வாயிலில் வந்து நின்றார். இன்று சிறுவர் அணிகள் முதல் உலகக் கிண்ணப் போட்டிகள் வரை, ஐஸ் ஹாக்கிக் கோல் காவலர் எவரும் வெறும் முகத்துடன் களம் இறங்குவதில்லை. அவர்களை யாரும் கோழைகள் என்று அழைப்பதும் இல்லை.