அடமான நிலத்தை மீட்ட குறி

வீட்டுத் தலைவர் கண்ணை மூடி, நிலமும் அடமானத்தில் இருந்தால் குடும்பம் என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர்தான் ஆனி ஓக்லி.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், 1860-ல் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1866-ல் அப்பா இறந்தார். வறுமையால் சில காலம் ஏழைகள் விடுதியிலும், பிறர் வீட்டில் அடிமை போலவும் வேலை செய்தார். வீடு திரும்பியதும் அப்பாவின் பழைய துப்பாக்கியால் முயலும் காடையும் சுட்டு, பக்கத்து ஊர் கடைக்கு விற்றார். தலையில் மட்டுமே குறி வைப்பார், அதனால் கறி கெடாது என்று சொல்வார்கள். அந்தக் காசில், 15 வயதில் அம்மாவின் நில அடமானத்தை மீட்டார்.

பிறகு குறிபார்த்துச் சுடுவதே அவர் தொழிலானது. 1885-ல் பஃபலோ பில் காட்சிக் குழுவில் சேர்ந்தார். அவர் பயன்படுத்திய துப்பாக்கிகளில் ஒன்று .22 ரிம்ஃபயர் ரைஃபிள். 1884-ல் மேலே எறிந்த 1000 கண்ணாடி உருண்டைகளில் 943-ஐ அதனால் உடைத்தார்.

இந்த ரைஃபிளைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். தோட்டா உறையின் அடி விளிம்பிலேயே தீப்பற்ற வைக்கும் மருந்து இருக்கும். சுத்தி அந்த விளிம்பில் அடித்ததும் வெடிக்கும். குண்டின் குறுக்களவு சுமார் 5.6 மில்லிமீட்டர், எடை சுமார் இரண்டரை கிராம். பின்னுதைப்பு குறைவு என்பதால் கை அதிகம் அதிராது, குறி வைப்பது எளிது. ஆனால் குண்டு லேசானது. தூரம் கூடினால் கீழே இறங்கும், காற்றடித்தால் விலகும். அதனால்தான் அங்குள்ள விவசாயிகள் பயிரைத் தின்னும் முயல், அணில் போன்ற சிறு பிராணிகளுக்கு, அதுவும் பெரும்பாலும் குறைந்த தூரத்தில் இதைப் பயன்படுத்துகிறார்கள். பெரிய விலங்கைச் சுட்டால் அது உடனே சாகாமல், காயத்தோடு ஓடி வதைபடக்கூடும்.

1901-ல் ரயில் விபத்தில் அடிபட்ட பிறகும் ஆனி ஓக்லி துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார். 1926 நவம்பர் 3-ல் காலமானார்.

நம் நாட்டில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதும், அனுமதி இல்லாமல் வனவிலங்கைச் சுடுவதும் குற்றம். எனவே அவரிடம் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது துப்பாக்கியை அல்ல. கையில் இருக்கும் கருவி எதுவரை எட்டும், எதற்கு உதவாது என்று அறிந்து வேலை செய்தாரே, அந்தப் பழக்கத்தைத்தான். அதுதான் அவர் வீட்டு நிலத்தைக் காப்பாற்றியது.