நீர்மேல் தாவிய படகு



சிங்கப்பூரிலுள்ள டோபி காட் என்னும் இடத்தின் பெயரை உங்களுள் பலர் கேட்டிருப்பீர்கள். டோபி என்பது சலவைத் தொழிலாளியையும், காட் என்பது நீர்த்துறையையும் குறிக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து சென்ற சலவைத் தொழிலாளர் அங்கே ஓடிய சிற்றாற்றில் துணி வெளுத்து, அருகிலிருந்த திடலில் உலர்த்தி வந்தனர். இன்று அங்கு மூன்று இரயில் பாதைகள் கூடுகின்றன. ஊர்ப்பெயர் மட்டுமே பழைய தொழிலை நினைவூட்டி நிற்கின்றது.

டோபி காட்டுக்குக் கிழக்கே, காலாங் ஆற்றின் முகத்துவாரத்தில் தஞ்சோங் ரூ உள்ளது. அங்கும் ஒரு தொழில் சிறந்திருந்தது. அது படகு கட்டுந்தொழில். இரண்டாம் உலகப்போருக்கு முன்னரே அங்குப் பட்டறை அமைத்திருந்த கம்பெனிகளுள் ஒன்றின் பெயர் தார்னிகிராப்ட். அக்கம்பெனியைத் தோற்றுவித்தவர் சர் ஜான் ஐசக் தார்னிகிராப்ட் என்னும் ஆங்கிலேயர். விசைப்படகின் வரலாற்றில் அவருக்குத் தனியிடம் உண்டு.

அவர் 1843-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் ரோமாபுரியில் பிறந்தார். தந்தை, தாய் இருவருமே சிற்பிகள். தம்பியும் பிற்காலத்தில் புகழ்பெற்ற சிற்பியானார். ஜானின் கைகளோ கல்லையும் களிமண்ணையும் நாடவில்லை. இரும்பையும் மரத்தையும் நாடின. தந்தையாருக்கும் இயந்திரங்களில் ஈடுபாடு இருந்தமையால் மகனைத் தடுக்கவில்லை. 1862-இல், தம் பத்தொன்பதாம் வயதில், ஜான் ஒரு சிறு நீராவிப் படகைக் கட்டி முடித்தார். தேம்ஸ் நதியில் பல்கலைக்கழக மாணவர் துடுப்பு வலித்துப் போட்டியிடும்போது, அவர்களுக்கு ஈடுகொடுத்து உடன்செல்லும் விரைவு அப்படகுக்கு இருந்தது. அக்காலத்து நீராவிப் படகுகளுக்கு அஃது அரிய செயல்.

பின்னர் அவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். கப்பற் பட்டறைகளிலும் வேலை பழகினார். 1866-இல் தேம்ஸ் கரையில் சிசிக் என்னுமிடத்தில் சொந்தப் பட்டறை தொடங்கினார். அங்கு உருவான லைட்னிங் என்னும் படகு, 1877-இல் மணிக்கு 18 கடல்மைலுக்கு மேல் ஓடியது. பிரிட்டிஷ் கடற்படையின் முதல் டார்பிடோப் படகு அதுவே. அறிவுடையோர் உழைப்பின் முதற்பயன் போருக்கே போய்ச் சேர்வது உலகில் அடிக்கடி நிகழ்வதுதான்.

இனி அவர் மனத்தை நெடுங்காலம் வாட்டிய சிக்கலைக் கூறுவேன். படகு ஓடும்போது நீரைப் பிளந்து தள்ளியவாறே செல்ல வேண்டும். விரைவு மிக மிக நீரின் எதிர்ப்பும் மிகும். இயந்திரத்தைப் பெரிதாக்கினாலோ பாரம் கூடிப் படகு மேலும் அமிழும். இதற்கு என்ன வழி? நீங்கள் குட்டையில் தட்டையான ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து வீசி விளையாடியிருப்பீர்கள். அது அமிழாமல் நீர்மேல் தத்தித் தத்திச் செல்லும். படகின் அடிப்பாகத்தையும் அவ்வாறு அமைத்தால், அது நீரைப் பிளக்காமல் மேலெழுந்து வழுக்கிச் செல்லுமன்றோ? இத்தகைய எண்ணம் இங்கிலாந்தில் 1870-களிலேயே எழுந்தது. தார்னிகிராப்ட்டும் அக்காலத்தில் படகின் அடியில் காற்றைத் தேக்கி நீரின் பிடியைக் குறைக்க முயன்றார். ஆனால் கொதிகலனும் நிலக்கரியும் சுமந்த நீராவி இயந்திரம் பெரும்பாரமாயிற்றே! அதைச் சுமந்துகொண்டு படகால் தாவ இயலவில்லை.

அவர் காத்திருந்தார். வாளாவிருக்கவில்லை. கப்பல்கள் கட்டினார், நீராவியால் ஓடும் பாரவண்டியும் செய்தார். அவ்வழியில் வளர்ந்த தார்னிகிராப்ட் லாரிகள் பல நாட்டுச் சாலைகளில் ஓடின. 1902-இல் சர் பட்டம் பெற்றார். இதற்கிடையே பாரங்குறைந்த பெட்ரோல் இயந்திரம் உலகுக்கு வந்துவிட்டது. 1908-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் விசைப்படகுப் போட்டி நடந்தபோது, அவருடைய மகன் தாமஸ் கடும் காற்றிலும் அலையிலும் படகைச் செலுத்தி இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றார். மற்றப் படகுகள் பந்தயத்தை முடிக்கவே இல்லை. அப்போட்டி அதற்குப்பின் ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை.

1910-இல் மிராண்டா என்னும் பெயர்வரிசையில் நான்காம் படகு நீரில் இறங்கியது. நீளம் 26 அடி. அதன் அடிப்பாகத்தில் ஒரு படி அமைந்திருந்தது. விரைவு கூடியதும் முன்பகுதி மேலெழ, படகு நீர்மேல் வழுக்கி மணிக்கு 35 கடல்மைல், அதாவது ஏறக்குறைய 65 கிலோமீட்டர் ஓடியது! அப்போது அவருக்கு வயது 67. பிற்காலத்தில் ஏரிகளிலும் கடலோரங்களிலும் செல்வர் ஓட்டி மகிழ்ந்த மெருகேறிய மரப்படகுகளும் இவ்வாறே நீர்மேல் வழுக்கிச் சென்றன.

இவ்வெற்றிகளில் அவர் மகள் பிளாஞ்சுக்கும் பங்குண்டு. பெம்பிரிட்ஜ் என்னும் கடற்கரையூரில், தம் வீட்டுத் தோட்டத்து அல்லிக்குளத்திலேயே தார்னிகிராப்ட் படகு மாதிரிகளை மிதக்கவிட்டுச் சோதித்தார். அளந்து, கணக்கிட்டு, குறித்து வைத்தவர் பிளாஞ்ச். 1919-இல் கப்பற் பொறியாளர் கழகம் முதன்முறையாகப் பெண்களைச் சேர்த்தபோது அனுமதி பெற்ற மூவருள் அவரும் ஒருவர். பெண்பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்று கேட்கும் பெற்றோர் இவ்விடத்தைச் சற்று நின்று படிப்பாராக.

சர் ஜான் 1928-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் பெம்பிரிட்ஜில் காலமானார். 1966-இல் அவர் கம்பெனி வாஸ்பர் என்னும் மற்றொரு படகுக் கம்பெனியுடன் இணைந்தது. சிங்கப்பூர் தன் கடற்படைக்கு ஆறு காவற்படகுகள் வேண்டுமென்று அவர்களிடம் கேட்டபோது, முதல் இரண்டு இங்கிலாந்தில் கட்டப்பட்டன. எஞ்சிய நான்கையும் சிங்கப்பூர்ப் பட்டறைத் தொழிலாளரே கட்டி முடித்தனர். இன்று தஞ்சோங் ரூவில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன.