கடலின் வயதைத் தேடிய தேவேந்திர லால்

கோலா தெர்லாவில் மழைக்குப் பஞ்சமில்லை. கொழுந்து எடுத்துவிட்டு என் பாட்டி நனைந்தபடி வீடு திரும்பும் நாள்களில், இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது என்று கேட்பேன். தெர்லா ஆறு தெலோமில் சேர்ந்து, ஜெலாய் வழியாகப் பகாங் ஆற்றில் கலந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது என்று தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். கடலுக்குப் போன பிறகு? அந்தக் கேள்வியோடு வாழ்ந்த இந்தியர் ஒருவரைப் பல்கலைக்கழக நூலகத்தில்தான் கண்டுகொண்டேன். இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்த அறிவியல் நூல்களில் அவர் பெயரை நான் பார்த்ததில்லை.

தேவேந்திர லால் 1929 பிப்ரவரி 14இல் வாரணாசியில் பிறந்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று, 1949இல் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் தொடங்கியது கடலில் அன்று, வானத்தில். பெர்னார்டு பீட்டர்ஸ் என்ற இயற்பியலாளரின் வழிகாட்டலில், பலூன்களில் ஏற்றி அனுப்பிய ஒளிப்படத் தகடுகளில் அண்டக்கதிர்களின் தடங்களை ஆராய்ந்தார்.

அண்டக்கதிர்கள் காற்றிலுள்ள அணுக்களை மோதி உடைக்கும்போது பெரிலியம்-7, கார்பன்-14, சிலிக்கான்-32 போன்ற கதிரியக்க அணுக்கள் பிறக்கின்றன. அவற்றுள் பல மழையோடு இறங்குகின்றன. எங்கள் தோட்டத்து மழையிலும் அவை உண்டு, நண்பர்களே! கடலின் மேற்பரப்பில் இருக்கும் நீருக்கு இவை வானிலிருந்து வந்துகொண்டே இருக்கும். அந்நீர் ஆழத்தில் அமிழ்ந்துவிட்டால் வரவு நின்றுபோகும். இருப்பு மட்டும் சிதைந்து குறையும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தால், அந்நீர் மேற்பரப்பை விட்டு எத்தனை காலமாயிற்று என்று கணிக்கலாம்.

ஆனால் அளப்பது எளிதா? கடல்நீரில் சிலிக்கான்-32 மிக மிகச் சொற்பம். கடற்பஞ்சு என்னும் உயிரினம் நீரிலுள்ள சிலிக்காவைத் திரட்டித் தன் உடற்கூட்டைக் கட்டிக்கொள்கிறது. மனிதன் செய்ய வேண்டிய வேலையை அது முன்பே செய்து வைத்திருக்கிறது! லால், அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் கோல்டுபெர்க், கோய்டே ஆகியோருடன் அந்தக் கடற்பஞ்சிலேயே சிலிக்கான்-32ஐக் கண்டறிந்து 1960இல் வெளியிட்டார். அது சிதைந்து உருவாகும் பாஸ்பரஸ்-32ஐப் பிரித்தெடுத்து எண்ணுவதே வழி. பின்னாளில் அவரும் கிருஷ்ணசாமி, சோமயாஜுலு முதலிய சக ஆய்வாளர்களும் இரும்பு ஹைட்ராக்சைடு ஏற்றிய செயற்கை இழைகளைக் கடலுக்குள்ளேயே இறக்கினர். டன் கணக்கில் நீரைக் கப்பலுக்கு இழுக்காமல், வேண்டிய தனிமங்களை மட்டும் அந்த இழைகள் பிடித்துத் தந்தன.

இதற்குள் ஒரு சங்கடமும் இருந்தது. சிலிக்கான்-32இன் அரைவாழ்வு சுமார் 700 ஆண்டுகள் என்று தொடக்கத்தில் கருதப்பட்டது. 1980இல் முடுக்கிகளைக் கொண்டு அளந்தபோது 100 ஆண்டுகளை ஒட்டி வந்தது. இன்று ஏறத்தாழ 150 என்கிறார்கள். கடிகாரமே தப்பு என்றால் அதை வைத்துக் கணித்த வயதுகள் என்னாவது? அவற்றைத் திருத்த வேண்டியதாயிற்று. ஆனால் கடற்பஞ்சில் கண்ட அணு பொய்யாகிவிடவில்லை. என் இறுதியாண்டு ஆய்வில் கணக்கு மூன்று முறை பிழைத்து, துறையையே மாற்றிக்கொள்ளலாமா என்று நான் தவித்த வாரத்தில்தான் இதைப் படித்தேன். மறுநாள் ஆய்வுக்கூடத்திற்குப் போனேன்.

1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரட்டித்தது. தீமையில் விளைந்த அந்த அடையாளம் கடலுக்குள் இறங்கும் வேகத்தைப் பார்த்தே, கடல் கரியமில வாயுவை எவ்வளவு விரைவில் உள்வாங்குகிறது என்று ஆய்வாளர்கள் கணித்தனர். லாலும் ஹான்ஸ் சூஸ் என்பவருடன் சேர்ந்து 1983இல் காற்றுக்கும் கடலுக்கும் இடையிலான இந்தப் பரிமாற்றம் பற்றி எழுதினார். நாம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால்பங்கைக் கடல்தான் ஏற்கிறது.

1972 முதல் 1983 வரை அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தார். 1979இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நிலவுக்கற்களையும் ஆராய்ந்த அவர், 2012 டிசம்பர் 1இல் சான் டியேகோவில் காலமானார்.

கடந்த விடுமுறையில் இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். கூரையிலிருந்து பீப்பாயில் விழும் மழைநீரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அதைக் குடிக்கலாமா என்று மட்டும் கேட்டார். தாராளமாகக் குடிக்கலாம், அவ்வளவு சொற்பம் என்றேன்.