வானத்தை அளந்த டைகோ பிராஹே

2020ம் ஆண்டு டிசம்பர் 21ம் தேதி மாலை, மேற்கு வானில் ஒரு அதிசயம் நடந்தது. வியாழன், சனி என்ற இரண்டு பெரிய கோள்களும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது போலத் தெரிந்தன. வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மொட்டை மாடியில் நின்று பார்த்த கதையைச் சொல்வார்கள்.

அந்தக் கோள்கள் எந்த நாளில் நெருங்கும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிடப்பட்டிருந்தது. நாள் கொஞ்சமும் தப்பவில்லை. ஆனால், 450 ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. அந்தக் கணக்கு சரியாக வர வேண்டும் என்பதற்காகத் தன் வாழ்நாளையே செலவிட்டவர் டைகோ பிராஹே.

டைகோ, 1546ம் ஆண்டு டிசம்பர் 14ம் தேதி டென்மார்க் நாட்டில் பிறந்தார். அவர் பிறந்த ஊர் இப்போது சுவீடன் நாட்டில் உள்ளது. பெரிய பணக்காரக் குடும்பம். குழந்தை இல்லாத பெரியப்பா, டைகோவைத் தன் வீட்டுக்குத் தூக்கிச் சென்று வளர்த்தார். இவன் சட்டம் படித்து அரசாங்கத்தில் பெரிய பதவிக்கு வர வேண்டும் என்பது அவரது ஆசை.

12 வயதில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான் சிறுவன் டைகோ. 1560ம் ஆண்டு ஆகஸ்ட் 21ம் தேதி சூரிய கிரகணம் வந்தது. கிரகணத்தை விட, அது வரப் போகும் நாளை மனிதர்கள் முன்கூட்டியே சொல்லி விட்டார்களே என்பதுதான் அவனை வியக்க வைத்தது. அன்று பிடித்தது வானப் பைத்தியம்!

1562ல், மேற்படிப்புக்காக ஜெர்மனியின் லைப்சிக் நகருக்கு அனுப்பி வைத்தார்கள். கூடவே, வேடல் என்ற இளம் ஆசிரியரையும் அனுப்பினார்கள். டைகோவை விட நான்கு வயதுதான் மூத்தவர். பையன் சட்டப் புத்தகத்தைத் தவிர வேறு எதையும் தொடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

டைகோ என்ன செய்தான் தெரியுமா? செலவுக்குக் கொடுத்த பணத்தில் வானியல் புத்தகங்களை வாங்கி ஒளித்து வைத்தான். கைப்பிடி அளவே இருந்த ஒரு குட்டி வான உருண்டையை வைத்துக்கொண்டு, ஆசிரியர் தூங்கிய பின் நட்சத்திரங்களின் பெயர்களைக் கற்றான்.

அப்போதுதான் 1563ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வந்தது. வியாழனும் சனியும் வானில் நெருங்கிக்கொண்டிருந்தன.

இவை ஏன் நெருங்குகின்றன? ஓட்டப் பந்தய மைதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள் வட்டத்தில் ஓடுவது வியாழன். சூரியனை ஒரு முறை சுற்ற அதற்கு ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகும். வெளி வட்டத்தில் மெதுவாகப் போவது சனி. அதற்கு 29 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எனவே, 20 ஆண்டுகளுக்கு ஒரு முறை வியாழன், சனியைத் தாண்டிப் போகும். அப்போது பூமியில் இருந்து பார்க்கும் நமக்கு இரண்டும் ஒரே திசையில் தெரியும். உண்மையில் அவற்றுக்கு நடுவே 60 கோடி கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் உண்டு!

16 வயது டைகோவிடம் நல்ல கருவி எதுவும் கிடையாது. கணக்குப் பாடத்துக்குப் பயன்படும் கவராயம்தான் இருந்தது. அதன் மூட்டைக் கண்ணருகே வைத்து, ஒரு காலை வியாழனுக்கு நேராகவும், இன்னொரு காலை சனிக்கு நேராகவும் நீட்டினான். பிறகு அதைத் தாளில் வரைந்த பாகைக் கோடுகள் மேல் வைத்து, எத்தனை பாகை என்று படித்தான். ஆகஸ்ட் 24ம் தேதி விடியலுக்கு முன், இரண்டு கோள்களும் மிக மிக நெருங்கின.

உடனே புத்தகங்களைப் புரட்டினான். கோள்கள் என்று, எங்கே இருக்கும் என்று சொல்லும் அட்டவணைகள் அவை. சுமார் 300 ஆண்டுகள் பழைய அட்டவணை, ஏறக்குறைய ஒரு மாதம் தப்பாகச் சொல்லியிருந்தது. கோபர்நிக்கஸின் முறைப்படி போட்ட புதிய அட்டவணையும் சில நாட்கள் தப்பு! மாபெரும் அறிஞர்களின் கணக்கு, வானத்தோடு ஒத்துப் போகவில்லை.

ஏன் இந்தத் தவறு? வானத்தைத் தொடர்ந்து, துல்லியமாக அளந்தவர்கள் மிகக் குறைவு. பழைய அளவுகளை வைத்தே எல்லாரும் கணக்குப் போட்டார்கள். இதற்கு ஒரே வழி, நல்ல கருவிகள் செய்து, பல ஆண்டுகள் விடாமல் அளப்பதுதான் என்று முடிவு செய்தான் அந்தச் சிறுவன்.

இடையில் ஒரு விபரீதமும் நடந்தது. 1566ல், இன்னொரு மாணவருடன் ஏற்பட்ட சண்டை வாள் வீச்சில் முடிந்தது. டைகோவின் மூக்கில் ஒரு பகுதி வெட்டுப்பட்டுப் போனது. அதன் பின் வாழ்நாள் முழுவதும் உலோக மூக்கை ஒட்டிக்கொண்டே நடமாடினார்!

1572ம் ஆண்டு நவம்பரில், அதுவரை இல்லாத ஒரு புதிய நட்சத்திரத்தை வானில் கண்டார். அது நிலவை விட மிகத் தொலைவில் உள்ளது என்று அளந்து காட்டினார். வானம் மாறவே மாறாது என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது. டைகோவின் புகழ் பரவியது.

1576ல், டென்மார்க் மன்னர் இரண்டாம் பிரெடரிக், வென் என்ற தீவையே அவருக்குக் கொடுத்தார். அங்கே பெரிய வான் ஆய்வு மாளிகை எழுந்தது. தொலைநோக்கி இல்லாத காலம் அது. சுமார் இரண்டு மீட்டர் ஆரம் கொண்ட கால் வட்டக் கருவியைச் சுவரிலேயே பதித்தார். காற்றில் கருவிகள் ஆடக் கூடாது என்று, தரைக்கு அடியில் இன்னோர் ஆய்வுக்கூடம் கட்டினார். முழு நிலவின் அகலத்தை 30 பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாக அளந்தார். வெறும் கண்ணால்!

தங்கை சோஃபியாவும் அவருக்கு உதவியதுண்டு. ஆனால், தீவில் இருந்த விவசாயிகளிடம் டைகோ கடுமையாக வேலை வாங்கினார். அவர்கள் மனக்குறையோடுதான் இருந்தார்கள்.

20 ஆண்டுகளுக்கு மேல் குறிப்பேடுகள் நிரம்பின. மன்னர் இறந்து, புதிய மன்னர் வந்ததும் ஆதரவு குறைந்தது. 1597ல் தீவை விட்டே வெளியேறினார் டைகோ. கருவிகளையும் குறிப்புகளையும் தூக்கிக்கொண்டு, 1599ல் பிராக் நகரை அடைந்தார். மறு ஆண்டு, கெப்ளர் என்ற ஏழைக் கணித மேதை உதவியாளராகச் சேர்ந்தார். 1601ம் ஆண்டு அக்டோபர் 24ம் தேதி, 54வது வயதில் டைகோ காலமானார்.

டைகோவின் கருத்து ஒன்று தவறானது. பூமி அசையாமல் நிற்கிறது என்றே அவர் நம்பினார். ஆனால், அவர் அளந்து எழுதிய எண்கள் தவறவில்லை. செவ்வாய்க் கோளுக்குக் கெப்ளர் போட்ட ஒரு கணக்கு, டைகோவின் அளவில் இருந்து நிலவின் அகலத்தில் கால் பங்கு விலகியது. டைகோ இவ்வளவு தப்பாக அளந்திருக்க மாட்டார் என்று நம்பி, தன் கணக்கையே தூக்கி எறிந்தார் கெப்ளர். மீண்டும் முயன்றபோதுதான், கோள்கள் நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்ற உண்மை கிடைத்தது. அதை 1609ல் வெளியிட்டார்.

1627ல், டைகோவின் அளவுகளைக் கொண்டு புதிய அட்டவணையும் வெளியானது. அதை வைத்து, 1631ம் ஆண்டு நவம்பர் 7ம் தேதி புதன் கோள் சூரியனைக் கடக்கும் என்று கெப்ளர் சொல்லியிருந்தார். அதே நாளில் பாரிசில் இருந்து அதைப் பார்த்து விட்டார் கேசெண்டி என்ற அறிஞர். மாதக் கணக்கில் தப்பிய அட்டவணை, நாள் தப்பாத அட்டவணை ஆனது. டைகோவும் கெப்ளரும் அதைக் காண உயிரோடு இல்லை.

வியாழனும் சனியும் அடுத்து நெருங்குவது 2040ம் ஆண்டில். அதுவரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு மாதமும் நிலா, கோள்களின் பக்கமாகப் போகிறது. கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால், அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. சுண்டு விரல் அகலம் 1 பாகை. அடுத்தடுத்த இரவுகளில் நிலாவுக்கும் கோளுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். டைகோவும் இப்படித்தான் ஆரம்பித்தார்!