பிடி அரிசியும் பிஷப் அசரியாவும்

கொடுக்க மனசு மட்டும் இருந்தாப் போதுமா, கையில காசு வேண்டாமா என்று கேட்காதவர்கள் நம்மில் குறைவு. நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் கல்வி உதவி நிதிக்குச் சில வருஷங்களாகக் கணக்கு எழுதி வருகிறவன் என்ற முறையில், எனக்கு இது நன்றாகப் பழகிப்போன கேள்வி. இதற்குத் தம் வாழ்க்கையையே பதிலாகத் தந்துவிட்டுப் போன ஒருவரைப் பற்றி இம்மலரில் எழுத ஆசைப்படுகிறேன். அவர் பிஷப் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1874 ஆகஸ்ட் 17 அன்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் அவ்வூர்க் குருவானவர். திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடும் முன் வீட்டுப் பெண்கள் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். சேர்ந்ததும் அது ஆலயத்துக்குப் போகும். எங்கள் வீட்டிலும் அம்மா இதைச் செய்ததுண்டு. அரிசி குறைவாக இருக்கிற நாளில்கூட அந்தப் பிடி மட்டும் நிற்காது. கணக்குப் பார்த்து எடுப்பதில்லை; கை எவ்வளவோ அவ்வளவுதான். அறுப்பின் பண்டிகையில் கோழியும் பூசணிக்காயும் வாழைத்தாரும் காணிக்கையாக வந்து ஏலம் போவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அசரியா வளர்ந்தது இப்படிப்பட்ட மண்ணில்தான்.

மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்துவிட்டுச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். தேர்வு நேரத்தில் உடல்நலம் கெட்டதால் பி.ஏ. பட்டம் கைக்கு வரவில்லை. பிற்காலத்தில், 1920-ல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. அரியர்ஸ் வைத்திருக்கும் தம்பிமார் இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாம். சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்! 1895-ல் வை.எம்.சி.ஏ.வில் செயலராகச் சேர்ந்து தென்னிந்தியா எங்கும் சுற்றினார். 1898-ல் அன்பு மரியம்மாளை எளிமையாக மணந்தார். அந்த அம்மையார், அக்காலத்திலேயே கல்லூரியில் படித்த ஒரு சில பெண்களில் ஒருவர்.

1902-ல் யாழ்ப்பாணம் போனபோதுதான் அவர் வாழ்க்கை திசை திரும்பியது. அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு, கடல் தாண்டி நம் கரைக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சீமான்கள் அல்ல, நம்மைப் போன்றவர்கள்தான். திருநெல்வேலித் திருச்சபையோ அவர்களைவிடப் பெரியது. ஆனால் சுவிசேஷப் பணி என்றாலே அது வெள்ளைக்கார மிஷனெரியின் வேலை, அதற்குப் பணம் கப்பலில் வரும் என்ற எண்ணம் நம்மவர் மனசில் ஊறிப்போயிருந்தது. வாங்கி வாங்கியே பழகிய சபைக்குக் கொடுக்கிற சந்தோஷம் தெரியாமலே போய்விடும் என்பது அவருக்கு அன்று உறைத்தது.

ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்ப்பதில்லை, நம்மவர் காணிக்கையிலேயே நடத்துவது என்பது அதன் அடிப்படை. 1905 கிறிஸ்துமஸ் நாளில், வங்கத்திலுள்ள செராம்பூரில், கே.டி. பால் முதலிய நண்பர்களோடு சேர்ந்து தேசிய மிஷனெரி சங்கத்தையும் தொடங்கினார். ஆளும் நம் ஆள், பணமும் நம் பணம், நிர்வாகமும் நம்முடையது என்பது அங்கே கொள்கை. சுதேசி இயக்கம் கொழுந்துவிட்ட வருஷம் அது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டுத் தாம் வீட்டில் இருக்கிற ஆள் அல்ல அவர். 1909-ல் வை.எம்.சி.ஏ. பதவியை விட்டுவிட்டு, நிஜாம் ராஜ்யத்திலிருந்த தோர்ணக்கல் என்ற சிற்றூருக்குத் தாமே ஊழியராகப் போனார். தெலுங்கு கற்றார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் தோர்ணக்கல் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் அவரே. பதவி வந்த பிறகும் மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகப் போனார்.

அங்கே அவருடைய ஜனங்கள் யார்? பெரும்பாலும் மாலா, மாதிகா சமூகத்துக் கூலி விவசாயிகள். தீண்டாமைக் கொடுமையில் நசுங்கியவர்கள். இவர்களிடம் போய்க் காணிக்கை கேட்பது நியாயமா? பாவம், இவங்ககிட்ட என்ன இருக்கு என்று விட்டுவிடுவதல்லவா இரக்கம்? அசரியா அப்படி நினைக்கவில்லை. நீ வாங்கத்தான் லாயக்கு என்று ஊரே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வைத்த மனிதனிடம் சபையும் அதையே சொல்லக் கூடாது என்பது அவர் துணிபு. ஆகவே தோர்ணக்கல் கிராமங்களிலும் ஒரு பிடி தானியம் எடுத்து வைக்கும் பழக்கம் வேரூன்றியது. அறுவடைக் காலத்தில் தானியம் வந்தது, கோழி வந்தது. கொடுக்கும் கை தாழ்ந்த கை அல்ல என்பதை அந்த மக்கள் தங்கள் கையாலேயே கண்டுகொண்டார்கள்.

இதனால் பணக் கஷ்டமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். அவர் கண்ட கனவு முழுசாக நிறைவேறவில்லை. அவர் மறையும் வரை அத்தியட்சாதீனத்துக்கு வெளிநாட்டு உதவியும் தேவைப்படவே செய்தது. இன்னொரு பக்கம், ஏழைகள் ஆதாயத்துக்காகத்தான் மதம் மாறுகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் அந்நாட்களில் பலமாக எழுந்தது. 1930-களில் காந்தியடிகளே கூட்டமாக மதம் மாறுவதைக் கடுமையாக விமர்சித்தார். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் ஆதாயம் தேடி வருகிறவன் தன் சோற்றிலிருந்து ஒரு பிடியை எடுத்து வைப்பானா என்று யோசித்துப் பார்க்கலாம்.

தோர்ணக்கல் பேராலயம் 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டையானது. பணமில்லாமல் பல காலம் இழுபறியாக நடந்த கட்டட வேலை அது. கோயில் தூண்களின் சாயலும் மசூதிக் கும்மட்டங்களின் சாயலும் கலந்து, நம் நாட்டு மண்ணோடு ஒட்டி நிற்கும் கட்டடம். கிறிஸ்தவக் கொடை பற்றி அசரியா ஒரு தனி நூலே எழுதினார். அவர் மறைந்தபின் 1954-ல் வெளிநாட்டிலும் அது மறுபதிப்பானது. எவ்வளவு கொடுத்தோம் என்பதைவிட மனசார, ஒழுங்காக, நம்மையே முதலில் கொடுத்துக் கொடுத்தோமா என்பதே அதன் சாரம். 1945 ஜனவரி 1 அன்று அவர் காலமானார்.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் உண்டு. நிதிக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்றை நிர்ணயிக்கலாமா, சின்னத் தொகைகளுக்கு ரசீது போட்டு மாளவில்லையே என்று செயற்குழுவில் ஒரு பேச்சு வந்தது. உதவி பெற்றுப் படித்தவர்களிடம் கேட்டால் சங்கடப்படுவார்களே என்றும் சிலர் நல்லெண்ணத்தோடு சொன்னார்கள். என் கருத்து இரண்டுக்கும் மாறானது. கட்டாயப்படுத்தி ஒருவரிடமும் வாங்கக் கூடாது. முகம் சுளித்துத் தரும் ஆயிரம் நமக்கு வேண்டாம். அதேபோல, தர விரும்பும் ஒருவரையும், நீ வாங்கியவன்தானே, உன் பத்து ரூபாய் எதற்கு என்று ஒதுக்கி வைக்கவும் கூடாது. ஏழை விதவையின் இரண்டு காசுக்கு வேதத்தில் கிடைத்த இடம் நமக்குத் தெரியாததல்ல.

இவ்வருஷம் உதவித்தொகை பெறும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் யாருக்கும் கடன்பட்டவர்கள் இல்லை. வேலைக்குப் போய்ப் பெரிய சம்பளம் வாங்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று காத்திருக்கவும் வேண்டாம். மனசு வருகிற அன்றைக்கு, கையில் இருப்பதில் ஒரு பிடி எடுத்து வையுங்கள். ரசீது நான் எழுதித் தருகிறேன்.