வளைந்த விரல்கள்

எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் ஒரு சிறிய கரிசல் கிராமம். அங்கே உழவர் குடும்பம் ஒன்றில் 1918ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. பிற்காலத்தில் எல்லோருக்கும் அவர் டாக்டர் வி.

உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் மாண்டதைக் கண்டவர், மகப்பேறு மருத்துவராக விரும்பினார். 1944இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று இராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். அந்நாளில்தான் கொடிய முடக்குவாதம் அவரைப் பற்றியது. ஓராண்டுக்கு மேல் படுத்த படுக்கை. விரல்கள் கோணின, பேனா பிடிக்கவும் இயலவில்லை. மகப்பேறு மருத்துவம் கனவாகிப் போகவே கண் மருத்துவம் பயின்றார். கோணிய விரல்களால் கத்தி பிடிக்கத் தாமே பழகினார். அந்தக் கைகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தன என்றால் நம்ப முடிகிறதா?

மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவராயிருந்து ஊர் ஊராக முகாம் நடத்தினார். 1973இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1976இல் ஓய்வு பெற்றதும் தங்கை டாக்டர் நாச்சியார், மைத்துனர் டாக்டர் நம்பெருமாள்சாமி முதலியோர் துணையுடன் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வசதியுள்ளோர் தரும் கட்டணத்தில் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து கண் பணிக்குப் பயிற்றுவித்ததும் அம்மருத்துவமனையே. நமக்கு மிகவும் பிடித்தது இதுதான்!

அவர் முதலில் எதிர்த்தது கண்புரையை. புரை சற்றுக் காத்திருக்கும்; அறுவை செய்தால் பார்வை திரும்பும். சர்க்கரை நோயோ காத்திருப்பதில்லை. விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை வலியின்றிக் கெடுக்கும். பார்வை மங்கும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். லேசர் சிகிச்சை மீதியைக் காக்குமேயன்றிப் போனதை மீட்பது அரிது. ஆகவே அரவிந்த் குழுவினர் சர்க்கரை நோயாளிகளுக்கென்றே முகாம்கள் நடத்தலாயினர். கண்ணில் மருந்திட்டுப் பாவையை விரித்து, உள்ளே பார்த்தனர்.

நம் குருபரப்பள்ளியில் இரவு ஷிப்டு முடிந்து விடியலில் பஸ் இறங்கும் அப்பாக்கள் பலர். தூக்கம் கெட்டால் சர்க்கரையும் எளிதில் கட்டுப்படாது. நம் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டியோ, கண்ணாடி மாற்றினால் போதும் என்று இரண்டாண்டு இருந்துவிட்டார். கடைசியில் கண் டாக்டர் சிறுநீரையும் சோதிக்கச் சொன்னார். சிறுநீரகத்திலும் அதே போன்ற நுண்குழாய்கள் உண்டல்லவா? அங்கும் நோய் தொடங்கியிருந்தது.

டாக்டர் வி 2006 ஜூலை 7ஆம் நாள் மதுரையில் காலமானார். பாட்டிக்கு இப்போது ஒரு கண்ணில்தான் பார்வை. அந்தக் கண்ணைக் காட்ட அவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்பவள் நம் தோழி.