பொருளைப் பெயர்த்த வள்ளல்

பாரி முல்லைக்குத் தேர் ஈந்த கதையை நாம் அனைவரும் பள்ளியிலே படித்திருக்கிறோம். அக்கதையில் என்னைக் கவர்ந்தது தேரின் விலையன்று. முல்லைக்கொடி தேர் வேண்டுமென்று கேட்கவில்லை. கேட்கவும் அதற்கு வாயில்லை. புலவருக்குக் கொடுத்தால் ஒரு பாட்டாவது திரும்பி வரும். கொடிக்குக் கொடுத்தால் என்ன வரும்? கேளாத ஒன்றின் தேவையைத் தானே கண்டு கொடுப்பதுதான் கொடையிலே தலையாயது.

அப்படிக் கொடுத்தவர் ஒருவர் சென்ற நூற்றாண்டிலே நம்மிடையே வாழ்ந்தார். அவர்தாம் டாக்டர் அழகப்பச் செட்டியார். காரைக்குடி என்றதும் நினைவுக்கு வரும் பெயர் அது. ஆனால், அம்பத்தூரில் வளர்ந்த எனக்கு அப்பெயர் புத்தகத்தின் வழியாக அறிமுகமாகவில்லை; ஓர் அமிலத் தொட்டியிலிருந்து எழுந்த புகையின் வழியாக அறிமுகமாயிற்று.

என் தந்தையார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், முலாம் பூசும் சிறு பட்டறை ஒன்றில் வேலை செய்தார். முலாம் ஏறவேண்டுமானால் இரும்பின் மேலுள்ள துரு முதலில் நீங்க வேண்டும். அதற்காக இரும்புத் துண்டுகளை ஹைட்ரோகுளோரிக் அமிலத் தொட்டியில் அமிழ்த்துவார்கள். தொட்டியிலிருந்து கண்ணைக் கரிக்கும் ஆவி எழும். அங்கு வேலை செய்பவர்கள் துண்டை நீரில் நனைத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். அப்பாவின் துண்டை அம்மா தனியாகத்தான் துவைப்பார்கள். இரவெல்லாம் அப்பா இருமுவார். அந்த இருமலைக் கேட்டுக்கொண்டே உறங்கப் பழகியவன் நான்.

1980ஆம் ஆண்டு வாக்கில் அந்தப் பட்டறைக்கு ஓர் இளம் பொறியாளர் வந்தார். தொட்டிகளின் மேலே ஒரு மூடாக்கு அமைத்து, அதிலிருந்து ஒரு குழாயை இழுத்து, சுவரோரம் ஆளுயரத்தைப்போல் இரண்டு மடங்கு உயரமான ஓர் உருளையை நிறுத்தினார். உருளைக்குள்ளே சிறு சிறு பீங்கான் வளையங்களைக் கூடை கூடையாகக் கொட்டினார்கள். மேலிருந்து காஸ்டிக் சோடா கரைசல் மழைபோல் இறங்கும். கீழிருந்து புகை ஏறும். உச்சியில் வெளிவரும் காற்றில் நெடி இராது. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன நான், வாய் பிளந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொறியாளர் என்னை அருகில் அழைத்து, என் தந்தை கட்டியிருந்த ஈரத் துண்டைக் காட்டினார். இந்தத் துண்டும் அந்தக் கோபுரமும் செய்வது ஒரே வேலைதான் என்று விளக்கினார். அமில ஆவி நீரிலே எளிதில் கரையும்; துண்டில் உள்ள ஈரம் சிறிது ஆவியைப் பிடித்துக்கொள்கிறது; கோபுரமோ மிகுதியாகப் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவே வேற்றுமை. இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். கிண்டியில், ஏ. சி. டெக்கில் என்றார். ஏ. சி. என்றால் குளிர்சாதனம் என்று நான் எண்ணியதைக் கண்டு சிரித்துவிட்டு, அது ஒரு மனிதரின் பெயர் என்று சொன்னார். அழகப்பச் செட்டியாரை நான் முதன்முதலில் அறிந்தது அன்றுதான்.

அழகப்பர் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்தார். நகரத்தார் மரபில் வந்த பிள்ளைகள் இளமையிலேயே வட்டிக்கடைக்கும் கடல் கடந்த வாணிகத்துக்கும் பழகுவது அன்றைய வழக்கம். அழகப்பரோ படிப்பை நாடினார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று சட்டம் பயின்று பாரிஸ்டரானார். அங்கேயே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். ஆங்கில இலக்கியம், சட்டம், விமானம் என்ற இம்மூன்றில் எதுவும் வேதியியல் அன்று என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

தாயகம் திரும்பியவர் தொழில் துறையில் இறங்கினார். கேரளத்தில் திருச்சூருக்கு அருகே புதுக்காட்டில் நெசவாலை கண்டார். மலேயாவில் இரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. ஜூபிடர் என்ற பெயரில் விமானப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றையும் நடத்தினார். செல்வம் குவிந்தது. ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் அளித்தது. நாடு விடுதலையடைந்தபின் அப்பட்டத்தைத் துறந்தார். செல்வத்தைச் சேர்த்தவர்கள் நாட்டில் பலருண்டு. சேர்த்ததை இவர் என்ன செய்தார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1943ஆம் ஆண்டு திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை அமைய 1 இலட்சம் ரூபாய் கொடுத்தார். தமிழுக்குக் கொடுப்பது தமிழ்ச் செல்வர்க்கு இயல்பே. அடுத்த ஆண்டு அவர் செய்ததுதான் வியப்பு. 1944இல், சென்னைப் பல்கலைக்கழகம் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றைத் தொடங்க 5 இலட்சம் ரூபாய் வழங்கினார். அப்போது துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். இவ்வாறு பிறந்ததே அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி. வேதிப் பொறியியல், நெசவுத் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம் ஆகியவை அங்கே வளர்ந்தன.

1944ஆம் ஆண்டை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். உலகப் போர் முடியவில்லை. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. வேதிப் பொறியியல் என்ற பெயரைக் கேட்டவர்களே நாட்டில் சிலர். வங்காளத்தில் ஜாதவ்பூரில் 1921 முதல் அது கற்பிக்கப்பட்டு வந்தது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1933இல் வேதித் தொழில்நுட்பத் துறை தோன்றியது. தென்னாட்டில் அந்தக் கல்விக்காகத் தெருவில் நின்று கொடி பிடித்தவர் யாருமில்லை. கோயில் எழுப்பினால் ஊர் வணங்கும். சத்திரம் கட்டினால் வழிப்போக்கர் வாழ்த்துவர். நீர்மக் கலவைகளை எவ்வாறு பிரிப்பது, வாயுவை நீர்மத்தில் எவ்வாறு கரைப்பது என்று ஆராய்வதற்குக் கொடுத்தால் யார் வாழ்த்துவர்? முல்லைக்கொடி என்று நான் முன்னே சொன்னது இதைத்தான்.

அக்கல்வியின் உட்பொருளைச் சிறிது பார்ப்போம். காலையில் காப்பிப் பொடியின் மேல் வெந்நீர் ஊற்றுகிறோம். பொடியில் உள்ள சாரம் நீருக்குப் பெயர்ந்து டிக்காக்ஷனாக இறங்குகிறது. பூந்தமல்லிச் சந்தையில் கோலி சோடா வாங்கிக் குடிக்கிறோம். அதில் கரிவளி அழுத்தத்தால் நீருக்குள் புகுத்தப்பட்டிருக்கிறது. கோலியைத் தட்டியதும் அழுத்தம் குறைய, வளி பொங்கி வெளியேறுகிறது. அழுத்தம் கூடினால் கரையும் வளியின் அளவும் கூடும் என்பதை வில்லியம் ஹென்றி 1803இல் கண்டார். மணலியில் கச்சா எண்ணெயைப் பெட்ரோலாகவும் மண்ணெண்ணெயாகவும் பிரிப்பதும், மருந்துத் தொழிற்சாலையில் ஒரு கரைப்பான் கொண்டு மருந்துப் பொருளை மற்றொரு கரைசலிலிருந்து வாங்குவதும் இதே இனத்தைச் சேர்ந்தவையே. ஒரு பொருள் ஓரிடத்திலிருந்து, எல்லைக்கோட்டைக் கடந்து, வேறோர் இடத்துக்குப் போகிறது. இதைப் பொருள் பெயர்ச்சி என்று சொல்லலாம்.

இந்தப் பெயர்ச்சி விரைவாக நடக்க மூன்று தேவை. முதலாவது, செறிவு வேறுபாடு. ஒருபுறம் மிகுதியும் மறுபுறம் குறைவும் இருந்தால்தான் பொருள் நகரும். சமநிலை வந்துவிட்டால் நகர்ச்சி நின்றுவிடும். இரண்டாவது, தொடும் பரப்பு. 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 1 மில்லிமீட்டர் பக்கமுள்ள 1000 துண்டுகளாக வெட்டினால் பரப்பு 60 சதுர சென்டிமீட்டராகப் பெருகும். பட்டறைக் கோபுரத்தில் பீங்கான் வளையங்களைக் கொட்டியது இதற்காகத்தான். ஒவ்வொரு வளையத்தின் மேலும் நீர்மம் மெல்லிய படலமாகப் படர்ந்து, வாயு தொடுவதற்குப் பரந்த முகத்தைக் காட்டுகிறது. மூன்றாவது, தடை குறைதல். வாயுவும் நீர்மமும் சந்திக்கும் இடத்தின் இருபுறமும் அசையாத மெல்லிய படலங்கள் இருப்பதாகக் கொண்டு, பெயர்ச்சிக்கு உண்டாகும் தடையை லூயிஸ், விட்மன் என்ற அமெரிக்க அறிஞர்கள் 1920களில் கணக்கிட்டுக் காட்டினர்.

கிண்டிக் கல்லூரி பாடம் நடத்துவதோடு நின்றுவிடவில்லை. இத்துறையில் ஆராய்ச்சியும் செய்தது. அதன் இயக்குநராக விளங்கிய ஜி. எஸ். லட்டா அவர்கள், ஒன்றோடொன்று கலவாத இரு நீர்மங்களிடையே பொருள் எவ்வாறு பெயர்கிறது என்பதை ஆராய்ந்தவர். டி. இ. தேகளீசன் அவர்களுடன் சேர்ந்து அவர் எழுதிய, நீர்மப் பிரித்தெடுப்பு பற்றிய ஆங்கில நூல் 1970களில் வெளிவந்தது. ஒரு நீர்மத்தை மற்றொன்றினுள் துளிகளாகச் சிதறவிடும்போது துளி சிறுத்தால் தொடும் பரப்பு கூடும். மிகவும் சிறுத்துவிட்டாலோ இரண்டும் பாலாய்க் கலங்கிப் பிரிய மறுக்கும். எந்த அளவு துளி நல்லது, அது எவ்வளவு வேகத்தில் எழும் என்பவற்றைத் துல்லியமாக அறிந்தால்தான் தொழிற்சாலையில் கோபுரத்தின் உயரத்தையும் அகலத்தையும் முடிவு செய்ய முடியும். ஊகித்துக் கட்டினால் பணம் வீணாகும். சில வேளை உயிரும் போகும். 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் தோன்றியபோது இக்கல்லூரியும் அதன் உறுப்பாயிற்று.

அழகப்பரின் கை அதோடு ஓயவில்லை. 1947இல் சென்னையில் நடந்த ஒரு கூட்டத்தில், கல்லூரிகள் பெருகவேண்டும் என்று இலட்சுமணசாமி முதலியார் வேண்டுகோள் விடுத்தார். சில வாரங்களிலேயே, அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், காரைக்குடியில் அழகப்பரின் கலைக் கல்லூரி நடக்கத் தொடங்கிவிட்டது. மைய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர 15 இலட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் கொடுத்தார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். முலாம் பூசுதலும் மின்கலமும் உலோக அரிப்பும் அங்கே ஆராயப்படும் பொருள்கள். என் தந்தையின் தொழிலுக்கும் அந்த மனிதர் ஓர் ஆய்வுக்கூடம் எழுப்பியிருந்தார் என்பதை நான் பிற்காலத்தில்தான் அறிந்தேன். தாம் வாழ்ந்த மாளிகையையும் அவர் பெண்கள் கல்விக்கென்று விட்டுக்கொடுத்தார்.

இவ்வளவும் செய்தவரின் உடலைத் தொழுநோய் பற்றியிருந்தது. இன்று அது மருந்தினால் முற்றிலும் குணமாகும் நோய். அன்றோ, நோயைக் காட்டிலும் ஊராரின் விலகல் கொடியது. நோயுற்றவரைத் தொட அஞ்சிய காலம் அது. தொடுதல் இன்றிப் பெயர்ச்சி இல்லை என்று வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். மனிதர் தொடத் தயங்கிய கையிலிருந்துதான் இத்தனை ஆயிரம் பேருக்குக் கல்வி பெயர்ந்தது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் அவர் மறைந்தார். இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் வயது 48 நிறைந்திருக்கும்.

அவர் மறைவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1955 ஜனவரியில், நம் ஆவடியிலேதான் காங்கிரஸ் மகாசபை கூடிச் சமதர்ம பாணியிலான சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானித்தது. இயற்கையிலே பொருள் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பாய்கிறது. செல்வம் என்னும் பொருளோ உலகத்திலே பெரும்பாலும் எதிர்த் திசையில், இல்லாதவனிடமிருந்து இருப்பவனிடம் பாய்கிறது. அதைத் திருப்பச் சட்டமும் வேண்டும், திட்டமும் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால், ஆவடித் தீர்மானத்துக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, எவரும் சட்டம் போடாமல், தம் செல்வத்தைத் தாமே பெயர்த்தவர் அழகப்பர். தமிழிலே பொருள் என்ற ஒரே சொல் பருப்பொருளையும் குறிக்கிறது, செல்வத்தையும் குறிக்கிறது. அவர் வாழ்வில் இரண்டும் ஒன்றாயின.

என் தந்தையின் கதையையும் முடித்துவிடுகிறேன். கோபுரம் வந்தபிறகும் அவருடைய இருமல் முழுவதும் நீங்கவில்லை. பல ஆண்டுகள் உள்ளே போன புகை அது. கோபுரம் தாமதமாக வந்தது. ஆனால், அவருக்குப் பின் அதே தொட்டியருகில் நின்ற இளைஞர்கள் இரவில் உறங்கினார்கள். கடைசிக் காலத்தில் அப்பா அதைத்தான் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டிருப்பார். 1944இல் ஒருவர் எழுதிய காசோலை, 36 ஆண்டுகள் கழித்து, அவர் கண்டிராத ஓர் ஊரில், அவர் அறியாத சிலருடைய மூச்சாக மாறியது. கல்விக்குக் கொடுக்கும் கொடை மெல்லத்தான் பாயும்; ஆனால் நெடுந்தூரம் பாயும்.

மாணவ நண்பர்களே! அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் இரயிலிலும் பேருந்திலும் நெருக்கியடித்துக்கொண்டு கல்லூரிக்கு வருகிறீர்கள். வழியிலே தொழிற்பேட்டைக் கூரைகளுக்கு மேல் உயர்ந்து நிற்கும் குழாய்களையும் உருளைகளையும் காண்பீர்கள். அவற்றின் அடியிலே யாருடைய தந்தையோ நின்று வேலை செய்கிறார். நம்மிடம் கொடுப்பதற்கு இலட்சங்கள் இல்லை, படித்தது இருக்கிறது. அது மிகுந்த இடத்திலேயே தேங்கிக் கிடக்காமல் குறைந்த இடத்துக்குப் பாயட்டும். வள்ளல் அழகப்பருக்கு நாம் செலுத்தக்கூடிய வட்டி அதுவே.

வாழ்க வள்ளல் அழகப்பர் புகழ்!